தன் மீட்டரில் ஏறாத கரண்டு

மிச்சம் பிடிக்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. தன் கையில் இருப்பதை மிச்சம் பிடிக்கிறவர் ஒரு வகை. அவரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கிழிந்ததைத் தைத்துப் போட்டுக்கொண்டு பேசாமல் போய்விடுவார். அடுத்தவர் கையில் இருப்பதை மிச்சம் பிடிக்கிறவர் இன்னொரு வகை. 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று வாரி இறைக்கிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போகிறவர் அவருக்கு நேர்மாறு என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள், இவர் அவருக்குக் கூடப் பிறந்தவர்தான். அவர் ஊரான் வீட்டு நெய்யை ஊற்றுவார், இவர் ஊரான் வீட்டு விளக்கை அணைப்பார். இரண்டு பேர் வீட்டிலும் சட்டி நிறைந்தே இருக்கும்.

இந்த இனம் எங்கே வளரும் என்று கேட்டால், எங்கேயும் வளரும். ஆபீசில் வளரும், ஆஸ்பத்திரியில் வளரும், சில மாமியார்களிடம் தண்ணீர் விடாமலே வளரும். ஆனால் ஆளுயரத்துக்குச் செழித்து நிற்பது பல்கலைக்கழகத்தில்தான். அங்கே கட்டடம் நிறைய, கட்டடத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு குளிர்சாதனம். அப்படி ஒரு இடத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருப்பவள் சொல்கிறேன். ஒரு கட்டடத்தைப் பெருக்குகிறவளுக்குத் தெரியாத பிளக்கு அந்தக் கட்டடத்தில் கிடையாது. எந்த மேசைக்குக் கீழே யார் யார் ஒளித்துவைத்துக் காபி போடுகிறார்கள் என்பதைத் துடைப்பம்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

எங்கள் பெரிய கட்டடத்தின் தலைவருக்கு 'மிச்சம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, நாங்கள் வைத்தது. எதற்கும் 'அதில் ஒரு மிச்சம் பண்ணலாமே' என்பார். நல்ல மனுஷர்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் காலில் வீக்கம் வந்தபோது வீட்டிலிருந்து தைலம் கொண்டுவந்து கொடுத்தவர். அதே காலோடு நாலு மாடி ஏறவைத்தவரும் அவரே. மின்தூக்கியை மிச்சம் பிடித்துவிட்டார்.

மிச்சத்தை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். அறைக்குள் வந்ததும் சாதாரண மனுஷன் முகத்தைப் பார்ப்பான். மிச்சம் கூரையைப் பார்ப்பார். நீங்கள் வணக்கம் சொன்னால் அவர் மின்விசிறிக்குப் பதில் சொல்வார். எட்டு பேர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், "இத்தனை ஃபேன் வேணுமா?" என்று கேட்டபடியே கை சுவிட்சுக்குப் போய்விடும். அணைக்காமல் திரும்பாது. அணைத்துவிட்டு, பிள்ளையைத் தூங்கவைத்தவர் மாதிரி ஒரு நிம்மதியோடு தன் அறைக்குத் திரும்புவார். அங்கே அவருடைய குளிர்சாதனம் காலை ஒன்பது மணியிலிருந்து அவருக்காகத் தவம் கிடக்கும். அது எதற்கு என்றால், மிச்சக் கணக்குகள் இருக்கிற கம்ப்யூட்டர் சூடாகிவிடக் கூடாதாம். கம்ப்யூட்டருக்குப் போர்வை போர்த்தாததுதான் குறை, அந்த அறைக்குள் போனால் எனக்குப் பல் கிட்டிக்கொள்ளும்.

அவர் செய்த முதல் வேலை ஒட்டுத்தாள். ஒவ்வொரு சுவிட்சுப் பலகையிலும், பச்சை இலை படம் போட்டு, 'வெளியே போகும்போது அணைத்துவிட்டுப் போகவும்' என்று ஒட்டச் சொன்னார். ஒட்டினார்கள். எங்கே ஒட்டினார்கள்? எந்தச் சுவிட்ச் எதற்கு என்று எழுதியிருந்த இடத்தின் மேலேயே ஒட்டினார்கள். அன்றிலிருந்து ஒரு விளக்கைப் போட வேண்டுமென்றால் எட்டுச் சுவிட்சையும் தட்டி, எட்டும் எரிந்து, நமக்கு வேண்டியது எது என்று கண்டுபிடிப்பதற்குள் பாடம் தொடங்கிவிடும். தொடங்கினால் மற்ற ஏழு விளக்கையும் யார் எழுந்து அணைப்பது? படிக்கத் தெரியாத நான் ஒருத்திதான் பழைய கைப்பழக்கத்தில் சரியான சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது, ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு. அசைவு நின்று ஐந்து நிமிஷமானால் ஆள் இல்லை என்று நினைத்து அதுவே அணைந்துவிடும். கழிப்பறையில் மாட்டினார்கள். பெரிய பெரிய படிப்பாளிகள் உள்ளே உட்கார்ந்துகொண்டு இருட்டில் கையை ஆட்டுகிற கொடுமையை நான் பார்க்கவில்லை, கேட்டிருக்கிறேன். வாசிப்பு அறையில் மாட்டினார்கள். பிள்ளைகள் படித்துக்கொண்டே நடுநடுவே தலைக்கு மேலே கையைத் தூக்கி ஆட்டும், வெளியிலிருந்து பார்த்தால் யாரையோ ரயிலேற்றி வழியனுப்புகிற மாதிரி இருக்கும். கடைசியில் வகுப்பறையில் மாட்டினார்கள். எல்லா வகுப்பிலும் ஒழுங்காக எரிந்தது. மிச்சத்தின் வகுப்பில் மட்டும் பாதிப் பாடத்தில் அணைந்துவிடும். அவர் குனிந்த தலை நிமிராமல் பழைய நோட்டைப் படிப்பார், பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்தபடி உறங்கும். அறையில் உயிர் இல்லை என்று விளக்கே முடிவு செய்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத விளக்கு.

கூட்டங்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். மின்சாரத்தைக் குறைப்பது எப்படி என்று மாதத்துக்கு இரண்டு கூட்டம், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். பட்டப்பகலில், வெளியே வெயில் சும்மா கொட்டிக்கொண்டிருக்கும்போது, சுவரில் படம் காட்ட வேண்டுமென்று திரைச்சீலையை இழுத்து மூடுவார்கள். மூடியதும் இருட்டாகிவிடும், ஆகவே விளக்கைப் போடுவார்கள். போட்டதும் படம் தெரியாது, ஆகவே பாதி விளக்கை அணைப்பார்கள். எந்தப் பாதி என்பதுதான் முதல் அரை மணி நேரத்து விவாதம். காகிதத்தைச் சேமிப்பது பற்றி ஆளுக்கு இருபது பக்கம் வண்ணத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள். கூட்டம் கலைந்தபின் அதையெல்லாம் வாரிக் கூடையில் போடுகிறவள் நான். முடிவு என்னவென்று ஒருநாள் கேட்டேன். அடுத்த கூட்டத்தின் தேதி முடிவாகிவிட்டதாம்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நிற்கவில்லை. யாரோ மேலிடத்தில் போட்டி என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள்.

போட்டி இதுதான். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி மீட்டர். மாதக் கடைசியில் எந்தக் கட்டடத்தில் மீட்டர் முன்னைவிடக் குறைவாக ஓடியதோ அதற்கு முதலிடம், கேடயம். எந்தக் கட்டடத்தில் ஏறியதோ அதற்குக் கடைசி இடம். கடைசி இடத்துக்குச் சும்மா வெட்கம் மட்டும் போதாது என்று ஒரு தண்டனையும் வைத்தார்கள். மூன்று மாதம் தொடர்ந்து கடைசியாக வருகிற கட்டடத்தை மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிட வேண்டும்.

எங்கள் பெரிய கட்டடத்துக்குப் பின்னால், பத்துப் பதினைந்து எட்டில், ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. பகலில் அங்கே ஈ ஆடாது. மாலை ஐந்தரைக்கு மேல்தான் உயிர் வரும், ஏனென்றால் அங்கே நடப்பது மாலை வகுப்பு. பகலெல்லாம் வேலை பார்க்கிறவர்களுக்கு. பஸ் ஓட்டுகிறவர், துணிக்கடையில் நிற்கிற பெண்கள், ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிறவர், இவர்களோடு என் மருமகள். அவள் பகலில் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். மாலையில் ஆய்வுக்கூட உதவியாளர் படிப்பு. ஒன்றரை வருஷம் முடித்துவிட்டாள், மிச்சம் இருந்தது அரை வருஷம். தேர்வு எழுதிவிட்டால் அந்த ஆவியிலிருந்தும் சூட்டிலிருந்தும் வெளியே வந்துவிடலாம். இரண்டு கையிலும் இஸ்திரித் தழும்பு இருக்கிறது அவளுக்கு. என் மகன் லாரியோடு பாதி நாள் வெளியூர். வீட்டில் நானும் அவளும்தான், ஆகவே அந்தப் படிப்பில் பாதி எனக்குத்தான் மனப்பாடம்.

போட்டி தொடங்கிய முதல் மாதம் பெரிய கட்டடம் முதலிடம். சின்னக் கட்டடம் கடைசி.

மிச்சத்துக்குத் தலைகால் புரியவில்லை. கட்டட வாசலில் ஆளுயர டிவி ஒன்று வாங்கி மாட்டினார். அதில் பச்சை இலை ஆடும், எங்கள் கட்டடம் எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று எண் ஓடும், ஓரத்தில் அவர் படமும் வந்து வந்து போகும். ராப்பகலாக ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு குருவிகூட இல்லாத வாசலிலும், மின்சாரத்தை மிச்சம் பிடியுங்கள் என்று மின்சாரத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்.

அத்தோடு சின்னக் கட்டடத்துக்கே நேரில் போய் மாலை வகுப்புக்கு அரை மணி நேரம் புத்தியும் சொன்னார். வேலை செய்து களைத்து வந்தவர்கள், எழுந்து நின்று கேட்டார்கள். விளக்கு எரிகிற வீட்டில் வளர்கிறவர்களைவிட விளக்கு இல்லாமல் படித்தவர்களே பெரிய ஆளானார்கள் என்றாராம். கட்டில் தள்ளுகிறவர், அப்படியானால் அவர்களெல்லாம் எதற்குச் சார் விளக்கைக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டுவிட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார். போகும்போது நாலு டியூப்லைட்டில் இரண்டைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போனார் மிச்சம்.

அந்தப் பிள்ளைகள் மிச்சம் பிடித்ததைக் கேளுங்கள். இரண்டு அறைக்காரர்களும் ஓர் அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மின்விசிறியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்துவைத்தார்கள், கொசு வந்தது, அதோடும் உட்கார்ந்தார்கள். கைப்பேசியைச் சார்ஜ் போடக் கூடாது என்று தங்களுக்குள்ளேயே சட்டம் போட்டுக்கொண்டார்கள். மருமகள் வீட்டுக்கு வந்து கண்ணைக் கசக்குவாள். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது அத்தை என்பாள்.

இரண்டாம் மாதம் மீட்டர் பார்த்தார்கள். சின்னக் கட்டடத்தில் முன்னைவிட ஏறியிருந்தது.

அப்போதுதான் ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். துணிக்கடைப் பெண் திருட்டுத்தனமாகச் சார்ஜ் போடுகிறாள் என்று பஸ் ஓட்டுகிறவர் சொல்ல, அவர்தான் போகும்போது விளக்கை அணைப்பதில்லை என்று அவள் சொல்ல, ஒன்றரை வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை. வேறு கட்டடத்தில் வகுப்பு வைத்துக்கொள்ளலாமே என்று ஆசிரியர் ஒவ்வொரு தலைவரிடமும் போய்க் கேட்டாராம். எல்லாரும் அன்பாகப் பேசினார்கள், காபி கொடுத்தார்கள், இடம் மட்டும் கொடுக்கவில்லை. நாற்பது பேர் வந்து உட்கார்ந்தால் அவரவர் மீட்டரில் ஏறிவிடாதா?

எனக்கு மீட்டர் சங்கதி பிடிபடவே இல்லை. ஒரே மதிற்சுவருக்குள்ளே இருக்கிறது, ஒரே பல்கலைக்கழகம், எல்லாம் ஒரே வீட்டுக் கரண்டுதானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் பின்பக்க நடையைப் பெருக்கும்போது மஞ்சள் வயர் காலில் தட்டியது. அது புதிதல்ல. இரண்டு மாதமாகவே துடைப்பத்தில் மாட்டும், நானும் திட்டிவிட்டுத் தூக்கி ஓரமாகப் போடுவேன். கட்டைவிரல் தடிமன். அன்றைக்கு எரிச்சலில் கரண்டுக்காரரைக் கூப்பிட்டு, இது எங்கேயிருந்து எங்கே போகிறது என்று கேட்டேன். பல்கலைக்கழகத்தின் கரண்டு வேலையெல்லாம் பார்க்கிறவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கேக்காதீங்கக்கா."

"கேட்டாச்சே. சொல்லு."

"சின்னக் கட்டடத்து சன்னல் வழியா வருது. சார் ரூம் ஏசி, டீ போடுற பாய்லர், வாசல்ல டிவி, எல்லாம் இதுலதான் ஓடுது. நம்ம கணக்குல அதெல்லாம் வரக்கூடாதுன்னு சார் மாத்தச் சொன்னாரு."

"அப்ப அது யார் கணக்குல வருது?"

 அவர் சின்னக் கட்டடத்துச் சன்னலைக் கண்ணால் காட்டினார்.

 நாற்பது பேர் இருட்டில் கொசுக்கடியில் உட்கார்ந்து மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரு குளிர்சாதனம் சன்னல் வழியாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு மிச்சத்தின் அறைக்குப் போனேன்.

இங்கேதான் இந்த இனத்தின் சூட்சுமத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். திருடன் என்றால் முகம் மாறும், திணறுவான், பிடித்துவிடலாம். மிச்சம் திருடன் இல்லை. அவருக்கு ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைப் போட்டு மூடினால் முழுப் பூசணிக்காய் என்ன, பூசணித் தோட்டமே மறைந்துவிடும். சொல் என்ன தெரியுமா? தற்காலிகம்.

"அதும்மா, ஒரு தற்காலிக ஏற்பாடு," என்றார் சிரித்துக்கொண்டே. "டிவியும் பாய்லரும் படிப்பு சம்பந்தப்பட்டதில்ல பாருங்க. அத நம்ம கட்டடத்துல சேர்த்தா நம்ம உழைப்பு சரியாத் தெரியாது."

அந்தப் பிள்ளைகள் உழைப்பு தெரியவில்லையே என்றேன். அவர்கள் இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ண வேண்டும் என்று, உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். நடிக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், இவருக்கோ முதுகு இருப்பதே தெரியாது. மறுநாளும் போனேன். வயரைப் பார்த்து ஒரு நடவடிக்கை எடுப்பதாகச் சொன்னார். அதற்கு மறுநாளும் போனேன், பிடித்தால் விடுகிறவள் இல்லை நான். அன்றைக்கு நடவடிக்கை எடுத்தே விட்டார். வயர் தடுக்கி விழுந்துவிடாதீர்கள் என்று அதன் மேல் ஓர் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. பச்சை இலை படம் போட்டு.

மூன்றாம் மாதம் முடிந்தது. பெரிய கட்டடம் முதலிடம், சின்னக் கட்டடம் கடைசி.

பரிசு கொடுக்கத் துணைவேந்தர் அம்மாவே வந்தார்கள். மாலை ஆறரை மணி, எங்கள் வாசலில் வரிசை வரிசையாக நாற்காலி, டிவியில் இலை ஆடிக்கொண்டிருக்கிறது, டிவிக்குச் சொருகிய பலகையிலேயே மைக்கையும் சொருகியிருக்கிறது, உள்ளே பாய்லரில் டீ கொதிக்கிறது. மாலை வகுப்புக்காரர்களும் வந்து ஓரமாக நின்றார்கள். என் மருமகள் கையில் ஒரு கடிதம். வகுப்பைப் பூட்ட வேண்டாம், தேர்வு வரைக்குமாவது விடுங்கள் என்று எழுதி, பேசாமல் இருந்தவர்கள்கூட ஒன்றாகக் கையெழுத்துப் போட்ட கடிதம். வயர் விஷயத்தை அவளிடம் சொல்லித்தான் இருந்தேன். சொன்னால் நம்புவார்களா அத்தை, அவர் தலைவர், நாம் யார் என்றாள். நம்பாவிட்டால் வயர் அங்கேதானே கிடக்கிறது, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறேன் என்று நான் முந்தானையைச் செருகிக்கொண்டு தூணோரம் நின்றேன். அதற்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது.

மிச்சம் மைக்கைப் பிடித்தார். முதலில் கொஞ்ச நேரம் பூமியைக் காப்பாற்றினார். பிறகு வருங்காலத்தைக் காப்பாற்றினார். கேடயத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டதும் மனுஷருக்கு வேகம் வந்துவிட்டது. பரிசு மட்டும் கொடுத்தால் போதாது, பாடமும் வேண்டும். விதிப்படி சின்னக் கட்டடத்தை நாளையிலிருந்து பூட்ட வேண்டும், நாளை எதற்கு, துணைவேந்தர் முன்னிலையில் இந்த நிமிஷமே அதன் மெயின் சுவிட்சை இறக்கிவிடலாம், அதுவே இந்த விழாவுக்குச் சிகரம் என்றார். கை தட்டினார்கள். எதற்கும் தட்டுகிறவர்கள்தானே.

கடிதத்தைப் பிடித்திருந்த மருமகளின் கை அப்படியே கீழே இறங்கியது.

கரண்டுக்காரர் முன்னால் வந்தார். மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால் அவர் மெல்லக் கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

"சார், எறக்கணுமா?"

"எறக்குப்பா."

"சின்னக் கட்டடம்தானே சார் சொல்றீங்க? அந்த மெயினா?"

"அதேதான். எல்லாரும் பாத்துட்டிருக்காங்க, போ."

"இன்னொருக்கா யோசிச்சிக்கிட்டீங்கன்னா நல்லது சார்."

"மிச்சம் பண்றதுக்கு என்னய்யா யோசன? எறக்கு."

கரண்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். அவர் போனார்.

மிச்சம் மைக்கில், "இந்த நொடியிலிருந்து வீணாகும் ஒவ்வொரு சொட்டு மின்சாரமும்" என்று ஆரம்பித்தார். அந்தச் சொட்டு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. மைக் செத்துவிட்டது. டிவியில் இலை உதிர்ந்து கறுப்பாயிற்று, அவர் படமும் சேர்ந்து போயிற்று. உள்ளே கொதித்துக்கொண்டிருந்த பாய்லர் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. மாடியில் மூன்று மாதமாக ஓய்வறியாத அவருடைய ஏசி கடகடவென்று இருமிவிட்டு நின்றது. பெரிய கட்டடத்தின் மற்ற விளக்கெல்லாம் அப்படியே எரிகின்றன. பின்னால் சின்னக் கட்டடமோ, எப்போதும் அப்படித்தானே கிடந்தது, இருட்டில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மிச்சம் இன்னும் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். மைக்கைத் தட்டினார், ஊதினார். பிறகு கரண்டு போய்விட்டது என்று கையை விரித்தார். துணைவேந்தர் அம்மா தலைக்கு மேலே எரிகிற விளக்கைப் பார்த்தார், செத்த டிவியைப் பார்த்தார். நாலெழுத்துப் படித்தவர் அல்லவா, கணக்குப் போட ரொம்ப நேரம் ஆகவில்லை.

"இந்த டிவிக்குக் கரண்டு எங்கேருந்து வருது?" என்று கேட்டார்.

 குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது, குனிந்துகொண்டார்கள். நான் தூணைவிட்டு வந்தேன்.

"வயரைப் பாத்துக்கிட்டே வாங்கம்மா. காட்டுறேன். தடுக்கும், அதுக்கு ஒட்டுத்தாள் போட்டிருக்கு."

அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் நான், எனக்குப் பின்னால் துணைவேந்தர் அம்மா, அவருக்குப் பின்னால் கையில் கேடயத்தோடு மிச்சம், அப்புறம் நாற்காலியிலிருந்து எழுந்த அத்தனை படிப்பாளிகளும், மஞ்சள் வயரைக் கண்ணால் பிடித்தபடி வரிசையாக டிவியிலிருந்து நடை, நடையிலிருந்து பின்வாசல், பின்வாசலிலிருந்து புல்தரை, அங்கிருந்து சின்னக் கட்டடத்துச் சன்னல். வயர் உள்ளே போகிற இடத்தில் எல்லாரும் நின்றோம். சன்னலுக்கு அந்தப் பக்கம் டியூப்லைட் இல்லாத இரண்டு பட்டை கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

துணைவேந்தர் அம்மா மிச்சத்தின் பக்கம் திரும்பினார். மிச்சம் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லைத்தான் சொன்னார்.

மறுநாள் கரண்டுக்காரரை உட்காரவைத்து, வயரில் போனதைக் கழித்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். சின்னக் கட்டடத்தில் மீட்டர் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. பல்கலைக்கழகத்திலேயே அதுதான் முதல். பெரிய கட்டடம் ஏறியிருந்தது. பூட்டு உத்தரவு ரத்தாயிற்று. துணைவேந்தர் அம்மா மாலை வகுப்புக்கு நேரில் வந்து கேடயத்தை நீட்டினாராம். அதை யாரும் வாங்கிக்கொள்ள எழுந்திருக்கவில்லையாம். கடைசியில் என் மருமகள்தான் எழுந்து, "கேடயம் நீங்களே வச்சிக்கங்க மேடம். கழட்டின ரெண்டு டியூப்லைட்ட மட்டும் திருப்பி மாட்டச் சொல்லுங்க" என்றாளாம். மாட்டிவிட்டார்கள். இப்போது எழுத்து எறும்பாக ஊர்வதில்லை. தேர்வு அடுத்த மாதம். தேறுவாளா என்று என்னைக் கேட்காதீர்கள், படிக்கிறாள், அது தெரியும். பஸ் ஓட்டுகிறவரும் துணிக்கடைப் பெண்ணும் இன்னும் முழுசாகப் பேச ஆரம்பிக்கவில்லை. கரண்டை மீட்டரில் கழித்துக் கூட்டிவிடலாம், கசப்பை எங்கே போய்க் கழிப்பது?

மிச்சம் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மரியாதை கெட்டுத் தலைகுனிந்து போனார் என்று எதிர்பார்த்தால் உங்களுக்குப் பல்கலைக்கழகம் தெரியாது என்று அர்த்தம். எந்தக் கட்டடத்து வயர் எந்தக் கட்டடத்துக்குள் போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அனுபவம் உள்ளவர் ஒருவர் தலைவராக வேண்டும் என்றார்கள். அவரைவிட அனுபவம் யாருக்கு இருக்கிறது? போன வாரம் முதல் கூட்டம், மூன்று மணி நேரம், திரைச்சீலை எல்லாம் இழுத்து மூடி. இதுவரை பதினொரு வயர் அகப்பட்டிருக்கிறதாம். வேதியியல்காரர் வயர் நூலகத்துக்குப் போகிறது, நூலகத்து வயர் விளையாட்டரங்கத்துக்குப் போகிறது, விளையாட்டரங்கத்து வயர் சுற்றிவந்து வேதியியலுக்கே போகிறது. எல்லாரும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். மொத்தக் கரண்டு மட்டும் எள்ளளவும் குறையவில்லை.

இதையெல்லாம் ஊரறியச் சொல்வதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று பட்டது. நேற்று அவர் அறையைத் துடைக்கும்போது, "சார், இப்படி ஒருத்தர் இருக்காரு" என்று பேர் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கூரையைப் பார்ப்பதைச் சொன்னேன், ஒட்டுத்தாளைச் சொன்னேன், தற்காலிகத்தையும் சொன்னேன். மனுஷர் நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வேதியியல் கட்டடத்துக்காரர்தானேம்மா? அப்படியே உரிச்சு வச்சிட்டீங்க."

விடாப்பிடிக்காரி அல்லவா, வேதியியல் கட்டடத்துக்கும் போய் அவரிடமும் சொன்னேன். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். நூலகத்துக்காரர்தானே என்று கேட்டார்.

நூலகத்துக்கு நான் போகவில்லை, கால் வலிக்கிறது. உங்களிடம் வந்திருக்கிறேன். இவ்வளவு நேரம் நீங்களும் சிரித்தீர்கள், உங்கள் ஆபீசில் ஒருவர், உங்கள் குடும்பத்தில் ஒருவர் என்று யாரையோ மனதில் வைத்துக்கொண்டுதான் சிரித்தீர்கள், மறைக்க வேண்டாம். அவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதிக் கொடுத்த இதை அவரிடம் ஒரு தரம் படித்துக் காட்டுங்கள். அவர் சிரிக்கும்போது யார் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.